மூன்று முறை தட்டப்பட்ட கதவு
(டாக்டர் ஐடா ஸ்கடர் வாழ்வு காட்டும் வெற்றி நெறி)

ஆரணி, கண்ணமங்கலம் பக்கத்து ஊர்களில் வாழும் நம் குடும்பத்தார்க்கு வேலூர்ச் சாலை நன்கு பழகிய ஒன்று. அச்சாலையில் நாம் இரு காரியங்களை முன்னிட்டுச் செல்வதுண்டு. விடுமுறை நாள்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, சாலையிலிருந்து மேற்கே பிரியும் வழியில் சவ்வாது மலையடிவாரத்து அமிர்திக்குச் செல்வது ஒன்று. அங்கே மான்களையும் பறவைகளையும் கண்டு, மழைக்காலமாயின் அருவியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். நோயுற்ற ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, அந்தப் பிரிவழியில் திரும்பாமல் நேரே வேலூருக்குச் செல்வது மற்றொன்று. அமிர்தி என்னும் பெயர் அமிர்தத்தை நினைவூட்டுகிறது. ஆயினும் உயிருக்குப் போராடும் ஒருவரை வண்டியில் வைத்துக்கொண்டு செல்வோர்க்கு, அமிர்தம் அச்சாலையின் மறுமுனையில்தான் இருக்கிறது. சி.எம்.சி. என்று மக்கள் வழங்கும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே அது.

அம்மருத்துவமனையை நிறுவியவர் ஒரு பெண்மணி. அவர் மருத்துவராக வேண்டும் என்று இளமையில் விரும்பியவர் அல்லர். இந்தியாவில் வாழ வேண்டும் என்றும் எண்ணியவர் அல்லர். தாம் விரும்பாத ஊரில், தாம் விரும்பாத தொழிலில், அரை நூற்றாண்டுக் காலம் உழைத்து, உலகம் அறிந்த வெற்றியை அடைந்தார் அவர். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலங்களில் நம் இல்லங்களில் வெற்றி, தோல்வி என்னும் சொற்கள் அதிகம் புழங்குகின்றன. மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற பிள்ளை வென்றவன் என்றும், பெறாத பிள்ளை தோற்றவன் என்றும் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஒருவருடைய வாழ்வின் வெற்றியை உருவாக்குவது எது என்பதை இப்பெண்மணியின் வாழ்க்கையை முன்வைத்து நாம் சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

பிறப்பும் இளமையும்

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். இன்று தோல் தொழிற்சாலைகளால் பெயர் பெற்றுள்ள அவ்வூர் அக்காலத்தில் பாலாற்றங்கரையில் அமைந்த ஒரு சிற்றூராகவே இருந்தது. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர். 1819ஆம் ஆண்டில் கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி புரிந்து, பின்னர்த் தமிழகத்திற்கு வந்தவர் அவர். அவர் பெயரையே கொண்ட மகனாரும் மருத்துவர். அவருக்கு ஒரே மகளாகப் பிறந்தவர்தாம் ஐடா. ஆக, மருத்துவமும் சமயப்பணியும் அக்குடும்பத்தின் குலத்தொழில் போலவே ஆகியிருந்தன.

ஐடா சிறுமியாக இருந்த காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த கொடும்பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மாண்டவர் எண்ணிக்கை பல இலட்சம். தம் வயதொத்த குழந்தைகள் பசியால் வாடி வதங்கி விழுவதை ஏழு வயதும் நிரம்பாத ஐடா கண்ணாரக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் இரக்கத்தை விதைத்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். உடனடியாக அது விதைத்தது அச்சத்தையே. அமெரிக்கா சென்று படிக்கத் தொடங்கிய பின்னர், துன்பம் மிகுந்த இந்நாட்டிற்குத் திரும்புவதே இல்லை என்று அவர் உறுதி பூண்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த பள்ளியில் படித்த நாளில், மற்ற இளம்பெண்களைப் போலத் தாமும் மணம் புரிந்து இனிதே வாழவேண்டும் என்பதே அவர் கனவாக இருந்தது.

ஆகவே, பெரியோர் எல்லாரும் பிறக்கும்போதே பெரியோராகப் பிறந்தனர் என்று எண்ணுவது தவறு. ஐடா பிறந்த குடும்பம் அவருக்கு ஒரு வழியைக் காட்டியது உண்மை. அவ்வழியினின்று விலகி ஓடவே அவர் முதலில் முயன்றார் என்பதும் உண்மை.

திண்டிவனத்தில் ஓரிரவு

1890ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றமையால், அவருக்குத் துணையாக இருக்கும் பொருட்டு ஐடா இந்தியாவிற்கு வந்தார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் வாழ்ந்தனர். நம் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சிற்றூர்கள் சூழ்ந்த அதே திண்டிவனந்தான். தாயார் நலமடைந்ததும் அமெரிக்காவிற்குத் திரும்பிவிடுவது என்பதே அவர் திட்டம்.

ஒருநாள் இரவு வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஓர் இளம் அந்தணர். அவருடைய மனைவி, சிறுவயதினள், பிள்ளைப்பேற்றில் துன்புற்றுக்கொண்டிருந்தாள். உதவ வேண்டும் என்று அவர் ஐடாவை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையார் மருத்துவர் ஆதலால் அவரை உடனே அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு மருத்துவம் செய்வதை அக்கால வழக்கம் ஏற்கவில்லை. வந்தவர் தலை கவிழ்ந்து திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஓர் இசுலாமியர். அவருக்கும் அதே துன்பம். அவரிடமிருந்தும் அதே மறுப்பு. மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது. வந்தவர் வேறோர் இந்துக் குடும்பத்தவர். அவரும் அவ்வாறே வந்து, அவ்வாறே திரும்பினார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடியற்காலையில் தெருவில் சாவுப் பறை கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. மூன்று வீடுகளுக்கும் சமயம் வேறு, பழக்கவழக்கம் வேறு. அவ்விரவில் நேர்ந்த முடிவோ ஒன்றே. அன்றே அவர் பெற்றோரிடம் சென்று, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, இந்தியப் பெண்களுக்குப் பணிபுரியத் திரும்பி வருவதாகத் தம் முடிவைத் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. ஆனால் இதில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அவ்விரவில் இறந்த பெண்களுக்கும் ஐடாவுக்கும் இடையே வயது வேறுபாடு மிகுதியில்லை. அவர்களுக்கு அறிவில்லாமற் போகவில்லை, உழைப்பில்லாமற் போகவில்லை. அவர்களுக்குக் கல்வி கிடைக்கவில்லை. உரிய நேரத்தில் ஒரு பெண் மருத்துவரும் கிடைக்கவில்லை. ஐடாவுக்கோ கற்ற குடும்பம், கடல்கடந்து படிக்கும் வசதி, கேட்டால் கொடுக்கும் உறவினர் என எல்லாம் பிறப்பிலேயே வாய்த்திருந்தன. ஒருவருடைய முன்னேற்றத்தில் அவர் முயற்சிக்குப் பங்குண்டு. அவர் தேடாமல் வந்து வாய்த்த நல்வாய்ப்புக்கும் பங்குண்டு. இரண்டாவதை மறந்துவிடுவது மனித இயல்பு. ஐடா அதை மறக்கவில்லை. தமக்கு வாய்த்ததை அவர் தம் உடைமையாகக் கருதவில்லை. திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகக் கருதினார். அவர் வெற்றிக்கு வித்து அதுவே என்பது நம் கருத்து.

கல்வியும் கேட்கும் துணிவும்

அமெரிக்காவிற்குத் திரும்பிய ஐடா, பிலடெல்பியா நகரில் பெண்களுக்கென இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர், நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறி, 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் கற்பதை மேலை நாட்டாரே ஐயுற்று நோக்கிய காலம் அது.

வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பொருள் திரட்ட வேண்டிய பொறுப்பு அடுத்து வந்தது. புறப்படுவதற்குச் சில நாள்களே இருந்தன. கையில் சேர்ந்திருந்த தொகையோ மிகச் சிறிது. அந்நிலையில் நியூயார்க்கில் ஒரு முதிய அம்மையாரைக் கண்டு தம் திட்டத்தை விளக்கிக் கூறினார். அடுத்த அறையில் இருந்த ஷெல் என்னும் வங்கியாளர் அவ்வுரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஐடாவை வரவழைத்துப் பல வினாக்கள் எழுப்பி, காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலரை ஒரே கொடையாக அளித்தார். இரப்பது இழிவு என்று சான்றோர் கூறுவது தன்பொருட்டு இரப்பதைப் பற்றியே. பிறர்பொருட்டு இரப்பதற்குத் தன்மானத்தைச் சற்றே ஒதுக்கி வைக்கும் துணிவு வேண்டும். அத்துணிவு ஐடாவிடம் இறுதிவரை குறையவில்லை.

ஓர் அறையிலிருந்து

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோழியார் ஆனி ஹான்காக்குடன் ஐடா இந்தியா வந்தடைந்தார். தேர்ந்த மருத்துவரான தந்தையாரிடம் சில ஆண்டுகள் பழகிக் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் நம்பியிருந்தார். வந்த சில மாதங்களிலேயே தந்தையார் மறைந்தார். வழிகாட்டி இல்லை, கட்டடம் இல்லை, நோயாளிகளும் இல்லை. இளம்பெண் ஒருத்தி மருத்துவம் பார்ப்பாள் என்பதை ஊரார் நம்பவில்லை.

வேலூர் வீட்டின் சிறிய அறை ஒன்றில், ஒரே ஒரு படுக்கையுடன் பணி தொடங்கிற்று. வீட்டு வேலையில் இருந்த சலோமி என்னும் பெண்ணையே ஐடா தமக்கு உதவியாளராகப் பழக்கினார். ஒருவர் குணமடைந்து சென்று ஒன்பது பேரிடம் சொல்ல, சில மாதங்களில் வீட்டு வாயிலில் கூட்டம் நிறைந்தது. 1902ஆம் ஆண்டில் ஷெல் அவர்களின் மனைவியார் மேரி டேபர் ஷெல் பெயரால் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டது.

வர இயன்றவர்கள் வந்தார்கள். வர இயலாதவர்கள் சிற்றூர்களில் கிடந்தார்கள். அவர்களை நாடி ஐடா தாமே புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டி. பின்னர் நன்கொடையாக வந்த ஒரு மோட்டார் வண்டி. வாரத்தில் குறித்த நாளில் குடியாத்தம் சாலையில் செல்வார். குறித்த மரத்தடிகளில் மக்கள் காத்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், கண்ணோய்க்கு மருந்திடுவதும், மருத்துவமனைக்கு வந்தே தீரவேண்டியவரை வண்டியில் ஏற்றிக்கொள்வதும் அம்மரத்தடிகளிலேயே நடந்தன. மருத்துவர் வீட்டு வாயிலுக்கு நோயாளி வருவதே வழக்கமாக இருந்த காலத்தில், மருத்துவம் சாலைதோறும் சென்றது. பிற்காலத்தில் கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களில் அந்நிறுவனம் பல்லாண்டுகளாக நடத்திவரும் ஊரக மருத்துவப் பணிக்கு வேர் இதுவே. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நால்வகைத் தானங்களைப் போற்றி வந்த மரபினர் நாம். மருந்துத் தானம் பெறுவோரைத் தேடிச் செல்லும்போது எத்துணைப் பெருமை பெறுகிறது என்பதை இம்மரத்தடிகள் நமக்குக் காட்டுகின்றன.

பலராகப் பெருகுதல்

எத்துணை உழைத்தும், ஒருவர் இரு கைகளால் எத்தனை பேரைக் காக்க முடியும்? அவ்வினா ஐடாவை வருத்தியது. தாமே சிறந்த மருத்துவராக விளங்கிப் புகழ் பெறுவது ஒரு வழி. தம்மைப் போன்றோர் நூற்றுவரை ஆக்குவது வேறொரு வழி. முதல் வழியில் புகழ் மிகுதி. இரண்டாம் வழியில் தொல்லை மிகுதி. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து, இந்தியப் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அரசினரை அணுகினார்.

மாகாண மருத்துவத் துறைத் தலைவர் இதை ஏளனமாகவே நோக்கினார். ஆறு பெண்கள் சேர முன்வந்தால் தொடங்கிக்கொள்ளலாம் என்று இசைவளித்தார். ஆறு பேர் வரமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். வந்த விண்ணப்பங்களோ அவ்வெண்ணிக்கையைப் பன்மடங்கு கடந்தன. இடமின்மையால் பலரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பள்ளி தொடங்கிற்று. கருவிகள் குறைவு, ஆசிரியர்கள் குறைவு. பகலெல்லாம் அறுவை மருத்துவம் செய்த ஐடாவே வகுப்பிலும் நின்று கற்பித்தார். 1922ஆம் ஆண்டில் முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் தேர்வெழுதி, அனைவரும் தேறி வெளிவந்தனர். திண்டிவனத்து இரவில் இல்லாமற் போன பெண் மருத்துவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் பதினால்வராக வந்து நின்றார்.

இதற்கிடையே அமெரிக்கப் பெண்கள் ஆசியாவிலுள்ள பெண்கள் கல்லூரிகளுக்காகப் பெருநிதி திரட்டினர். அவர்கள் இருபது இலட்சம் டாலர் சேர்த்தால் ராக்ஃபெல்லர் நிதியிலிருந்து மேலும் பத்து இலட்சம் வழங்கப்படும் என்பது ஏற்பாடு. லூசி பீபாடி அம்மையார் தலைமையில் அவர்கள் அதைச் செய்து முடித்தனர். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் வேலூர் மருத்துவப் பள்ளியும் அந்நிதியால் பயன் பெற்றவை. நகரில் பெரிய மருத்துவமனையும், பாகாயத்தில் குன்றுகள் சூழ்ந்த கல்லூரி வளாகமும் எழுந்தன.

பெருஞ்சோதனை

ஒருவர் தம் வாழ்நாள் உழைப்பின் பயனைக் கண்டு ஓய்வு கொள்ள வேண்டிய வயதில் ஐடாவுக்குப் பெருஞ்சோதனை வந்தது. 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, பட்டயப் படிப்பாக நடந்துவந்த மருத்துவக் கல்வியை நிறுத்தி, இனிப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பே நடத்த வேண்டும் என்று முடிவு செய்தது. முடிவு நியாயமானதே. ஆனால் அதற்குத் தேவையான பேராசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் படுக்கைகளும் வேலூரில் இல்லை. ஏற்பாடு செய்யாவிடில் பள்ளியை மூட வேண்டும். உலகப் போர் மூண்டிருந்தது. ஐடாவுக்கு வயது எழுபது.

1941இல் அவர் மீண்டும் அமெரிக்காவிற்குப் பயணமானார். ஊர் ஊராகச் சென்று பொருள் கேட்டார். அப்போது அவர் முன் ஒரு கடினமான வினா எழுந்தது. ஆண்களையும் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டால் பல திருச்சபைகளின் ஆதரவு ஒருங்கே கிட்டும், கல்லூரி பிழைக்கும். ஆனால் அது பெண்களுக்காகப் பெண்கள் தந்த பொருளால் எழுந்த நிறுவனம். தம் வாழ்வின் நோக்கமே அதுதான் என்று நாற்பது ஆண்டுகளாக அவர் கூறி வந்தவர். நெடுங்காலம் தோள்கொடுத்த பீபாடி அம்மையார் இம்மாற்றத்தை உறுதியாக எதிர்த்தார். ஒரு பக்கம் நட்பும் நன்றியும். மறுபக்கம் நிறுவனத்தின் எதிர்காலம்.

ஐடா நெடுநாள் தயங்கினார். முடிவில் மாற்றத்தை ஏற்றார். அதற்காக நண்பர்களின் கடுஞ்சொற்களையும் பொறுத்துக்கொண்டார். இதை உறுதிகுலைவு என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. நோக்கம் வேறு, வழி வேறு. நோயுற்றோர் காக்கப்பட வேண்டும் என்பதும் பெண்கள் மருத்துவராக வேண்டும் என்பதும் நோக்கம். பெண்கள் மட்டுமே பயிலும் கல்லூரி என்பது அதற்கு அமைந்த வழி. வழியை நோக்கமாக மயங்கியவர்கள் தாம் எழுப்பியதைத் தாமே இடித்துவிடுகிறார்கள். பொருளைத் துறப்பதினும் தான் என்னும் எண்ணத்தைத் துறப்பது அரிது. ஐடாவின் பெருவெற்றி இம்முடிவில்தான் இருக்கிறது.

1942இல் வேலூரில் எம்.பி.பி.எஸ். பட்ட வகுப்புத் தொடங்கியது. 1947இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். 1946இல் ஐடா பொறுப்புகளிலிருந்து விலகினார். சில ஆண்டுகளுக்குள் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் மருத்துவர் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். அயல்நாட்டவர் தொடங்கிய பணி இந்நாட்டவர் கையில் முறையாக ஒப்படைக்கப்பட்டது. ஐடா கொடைக்கானலில் தம் ஓய்வுக்காலத்தைக் கழித்து, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

அவர் கைவிட்ட பின்னரே அந்நிறுவனம் மேலும் வளர்ந்தது. தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் முறையை டாக்டர் பால் பிராண்டு 1940களின் இறுதியில் அங்கேதான் உருவாக்கினார். 1961இல் திறந்த இதய அறுவை மருத்துவம் அங்கு வெற்றிகரமாக நடைபெற்றது. ஐடா பிறந்த இராணிப்பேட்டையிலேயே 2022ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் புதிய மருத்துவ வளாகம் திறக்கப்பட்டது. தொடங்கியவர் விலகியபின் வாடிவிடும் பணி தனிமனிதர் வெற்றி; தொடங்கியவர் விலகியபின்னும் தழைக்கும் பணி அறத்தின் வெற்றி.

நமக்குரிய பாடம்

ஐடாவின் சமயம் வேறு. நம் சமயம் வேறு. அவர் பிறந்த சூழல் வேறு. நம் சூழல் வேறு. ஆயினும் அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது உண்டு. வெற்றிக்கு அறிவு வேண்டும், உழைப்பு வேண்டும், வாய்ப்பும் வேண்டும். இம்மூன்றும் அமைந்தோர் உலகில் பலர். அவற்றைக் கடனாகக் கருதித் திருப்பிச் செலுத்தியவர் சிலரே. அச்சிலரையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

ஆகவே நம் பிள்ளை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றால் மகிழ்வோம். ஆனால் அது வெற்றியின் முடிவன்று, கடனின் தொடக்கம் என்பதையும் அவனுக்கு உணர்த்துவோம். இடம் பெறாத பிள்ளையைத் தோற்றவன் என்று ஒதுக்காதிருப்போம். சமையற்கட்டில் இருந்த சலோமி இல்லாமல் ஐடாவின் முதல் மருத்துவமனை நடந்திராது. பெரும்பணியில் ஒவ்வொரு கைக்கும் இடமுண்டு. கதவு தட்டப்படும் ஓசை எல்லார் வீட்டிலும் ஒருநாள் கேட்கும். அன்று எழுந்து திறப்பதற்கு மதிப்பெண் தேவையில்லை.

அடுத்த முறை பிள்ளைகளோடு அமிர்திக்குச் செல்லும்போது, மலைப்பக்கம் திரும்பும் அப்பிரிவழியில் வண்டியைச் சற்றே நிறுத்துவோம். வேலூர் நோக்கி நேரே செல்லும் சாலையைக் காட்டி, ஓர் அறையிலும் ஒரு படுக்கையிலும் தொடங்கிய இக்கதையை அவர்களுக்குச் சொல்வோம்.